‘ரெண்டு நிமிஷ வேலைதானே?’: ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் ஆலைகளில் சேஃப்டி ட்ரெய்னிங் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறதா?

புது கம்பெனியில் முதல் நாள். ஏசி ஹாலில் ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு ஓடும். ‘ஹெல்மெட் போடுங்க, ஷூ போடுங்க, மஞ்சள் கோட்டைத் தாண்டாதீங்க, ஷாப் ஃப்ளோரில் போன் பார்க்காதீங்க’ என்று வரிசையாகச் சொல்வார்கள். கடைசியில் ஒரு பேப்பர் சுற்றி வரும். பெயர், டோக்கன் நம்பர், கையெழுத்து. ‘சேஃப்டி இண்டக்‌ஷன்’ முடிந்தது. மறுநாள் காலை ஷிப்டில் நீங்கள் லைனில் நிற்பீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்-வடகால், ஒரகடம் என நீளும் சிப்காட் வளாகங்களில் வேலைக்குச் சேரும் பலருக்கும் பழக்கமான காட்சி இது. கார், பைக், டயர், கண்ணாடி, மொபைல் போன் என இங்கே தயாராகாத பொருள் குறைவு. டிப்ளமோ முடித்த ட்ரெய்னி, பட்டம் முடித்த ஜூனியர் இன்ஜினியர், காண்ட்ராக்டில் வந்த ஒடிசா, அசாம் இளைஞர் என எல்லாரும் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அந்தக் கையெழுத்து, பயிற்சி நடந்தது என்பதற்கான ஆதாரம். ஆனால் மெஷின் ஜாம் ஆகி, டார்கெட் பின்தங்கி, ‘ரெண்டு நிமிஷ வேலைதானே’ என்று கை உள்ளே போகும் அந்த நொடியில் அது உதவுமா?

நோக்கியா ஆலையில் என்ன நடந்தது?

2010 அக்டோபர் 31. ஸ்ரீபெரும்புதூரில் அப்போது இயங்கிவந்த நோக்கியா ஆலை, உலகின் பெரிய மொபைல் போன் ஆலைகளில் ஒன்று. அங்கே வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் இளம் பெண்கள். அன்று, பேனல்களை ஏற்றும் தானியங்கி இயந்திரம் ஒன்றில் ஏற்பட்ட கோளாறைச் சரிசெய்ய முயன்ற இளம் பெண் தொழிலாளி ஒருவரின் கழுத்து இயந்திரத்தில் சிக்கியது. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் அவர் உயிர் பிழைக்கவில்லை. சக தொழிலாளர்கள் ஆலையின் பாதுகாப்பு குறித்துக் கேள்வி எழுப்பிப் போராடினார்கள்.

வேறு காரணங்களால் 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆனால் அந்த விபத்து சொல்லும் விஷயம் இந்தத் தொழிற்பேட்டையின் ஒவ்வொரு லைனுக்கும் இன்றும் பொருந்தும். இயந்திரம் ஒழுங்காக ஓடும்போது அருகில் போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. ஜாம் எடுப்பது, துடைப்பது, செட்டிங் மாற்றுவது, பழுது பார்ப்பது என வழக்கமான ஓட்டம் தடைபடும்போதுதான் மனிதர் உள்ளே போகிறார். ஆபத்தும் அங்கேதான் காத்திருக்கிறது. முதல் நாள் ஸ்லைடுகளோ பெரும்பாலும் ஒழுங்காக ஓடும் லைனைப் பற்றியே பேசுகின்றன.

எமர்ஜென்ஸி பட்டனை அமுக்கினால் போதாதா?

போதாது. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான்.

சிவப்பு எமர்ஜென்ஸி பட்டன், ஓட்டத்தை நிறுத்தும். ஆனால் இயந்திரத்துக்குள் இருக்கும் எல்லா சக்தியையும் வெளியேற்றிவிடாது. கரன்ட் நின்றாலும் நியூமேட்டிக் சிலிண்டரில் காற்றழுத்தம் இருக்கலாம். ஹைட்ராலிக் லைனில் ஆயில் அழுத்தம் இருக்கலாம். மேலே தூக்கி நிற்கும் பகுதி சொந்த எடையிலேயே இறங்கலாம். இறுக்கி வைத்த ஸ்பிரிங் விடுபடலாம். சிக்கியிருந்த பொருளை நீங்கள் எடுத்த அந்தக் கணமே, அதுவரை தடுக்கப்பட்டிருந்த அசைவு முழு வேகத்தில் முடியலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் உள்ளே குனிந்திருப்பது தெரியாமல், அந்தப் பக்கம் நிற்பவர் பட்டனை ரீசெட் செய்து ஸ்டார்ட் கொடுத்துவிடலாம்.

இதற்கான முறைக்குப் பெயர் லாக் அவுட் - டேக் அவுட். ஷாப் ஃப்ளோரில் சுருக்கமாக ‘லோட்டோ’ என்பார்கள். விஷயம் எளிமையானது:

• வேலை செய்யப்போவதை லைனில் உள்ள எல்லாருக்கும் சொல்வது.
• இயந்திரத்தை முறைப்படி நிறுத்துவது.
• மின்சாரம், காற்று, ஆயில் என வரும் வழிகள் எல்லாவற்றையும் துண்டிப்பது.
• ஒவ்வொரு துண்டிப்பிலும் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவது.
• மிச்சமுள்ள அழுத்தத்தை வெளியேற்றுவது. தூக்கி நிற்கும் பகுதிக்கு முட்டுக் கொடுப்பது.
• கடைசியாக, ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பது. ஓடவில்லை என்று உறுதியான பிறகே கையை உள்ளே விடுவது.

பூட்டின் சாவி, வேலை செய்பவரின் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. சூப்பர்வைசரே ஆனாலும் அடுத்தவர் பூட்டை நினைத்தபடி திறக்கக் கூடாது. அமெரிக்காவில் இதற்கான தனி விதி 1989-ல் வந்தது. அதைச் சரியாகப் பின்பற்றினால் ஆண்டுக்கு சுமார் 120 மரணங்களையும் 50,000 காயங்களையும் தவிர்க்கலாம் என்பது அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு.

இதையெல்லாம் செய்ய ஐந்து, பத்து நிமிடம் ஆகும். ஜாம் எடுக்கும் வேலை அரை நிமிடம். இந்த நேர வித்தியாசம்தான் சிக்கலின் மையம். ‘லோட்டோ போட்டுட்டு எடுங்க’ என்று ட்ரெய்னிங்கில் சொல்லிவிட்டு, லைன் ஐந்து நிமிடம் நின்றதற்கு மாலை மீட்டிங்கில் விளக்கம் கேட்டால், தொழிலாளி எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்?

சென்சாரை ‘ஏமாற்றும்’ பழக்கம்

பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு இறங்கும். இரு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஒரு பட்டனில் குச்சி செருகி வைத்தால் வேலை வேகமாக நடக்கும். ஒரு கைக்குப் பாதுகாப்பு போய்விடும். கதவு திறந்தால் நிற்க வேண்டிய இயந்திரத்தில், கதவு மூடியிருப்பதாக நம்பவைக்க ஸ்விட்ச்சில் காந்தம் ஒட்டுவதும், லைட் கர்ட்டனை பைபாஸ் செய்வதும் இதே வகை.

வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழப்பவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு ‘கிரஷ்ட்’ என்ற பெயரில் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டு வருகிறது. ஹரியானாவின் குருகிராம் - மானேசர் பகுதியில் தொடங்கிய பணி அது. நசுங்கிய விரல்களுக்குப் பெரிய காரணமாக அது திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது பவர் பிரஸ்ஸைத்தான். பெரிய கார் கம்பெனியின் பளபளப்பான ஆலையைவிட, அதற்கு உதிரிபாகம் செய்து தரும் சின்ன யூனிட்களில்தான் ஆபத்து அதிகம் என்பதும் அந்த அறிக்கைகள் காட்டும் விஷயம். ஒரகடத்தைச் சுற்றியுள்ள சப்ளையர் யூனிட்களும் அதே தொழிலைச் செய்பவைதான்.

பைபாஸ் செய்யப்பட்ட சென்சாரைப் பார்த்தால் ‘யார் இதைச் செய்தது?’ என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. ‘ஏன் செய்ய வேண்டியிருந்தது?’ என்றும் கேட்க வேண்டும். சென்சார் தேவையில்லாமல் அடிக்கடி ட்ரிப் ஆகிறதா? மெயின்டனன்ஸில் சொல்லியும் சரி செய்யவில்லையா? டார்கெட் அந்த வேகத்தில்தான் எட்டுமா?

உயரம்: 3 மீட்டர் விழ எவ்வளவு நேரம்?

முக்கால் நொடி. தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். கையால் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்பது சினிமாவில் மட்டும்தான் நடக்கும்.

இந்தப் பகுதியில் புது ஷெட், புது ஹாஸ்டல், புது கிடங்கு என ஏதோ ஒன்று எப்போதும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2012 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே குன்னம் கிராமத்தில், தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கட்டப்பட்டு வந்த அரங்கம் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில், இரும்பு வளைவு சரிந்து 9 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள்.

உயர வேலையில் மூன்று விஷயங்களைப் பயிற்சியில் செய்தே காட்ட வேண்டும்.

முதலாவது, ஹார்னஸ். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும்போது அதுவே முதுகெலும்பையும் வயிற்றையும் காயப்படுத்தும். முழு உடல் ஹார்னஸ் வேண்டும். அதைப் போட்டுவிட்டு கொக்கியை எங்கே மாட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. சாரத்தின் ஆடும் குழாயிலோ, கேபிள் ட்ரேயிலோ மாட்டினால் அதுவும் சேர்ந்து வரும். தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். வழக்கமான லேன்யார்டும் ஷாக் அப்சார்பரும் விரிந்து நிற்க, ஆளின் உயரத்தையும் சேர்த்தால் கீழே 6 மீட்டர் வரை இடம் தேவைப்படும். நாலு மீட்டர் உயரத்தில் தவறான இடத்தில் மாட்டியவர், ஹார்னஸ் போட்டபடியே தரையில் விழுவார்.

இரண்டாவது, கூரை ஷீட். ஷெட்டில் ஒழுகல் பார்க்க, சோலார் பேனல் மாட்ட மேலே ஏறுபவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டையும், வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டையும் தரைபோல நம்பிக் கால் வைக்கிறார்கள். வெயிலில் காய்ந்த ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. பலகை போட்டு, லைஃப்லைன் கட்டிய பிறகே நடக்க வேண்டும்.

மூன்றாவது, சாரம். கட்டியவரே ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வது சோதனை ஆகாது. தகுதியுள்ள வேறொருவர் பார்த்து, அட்டை தொங்கவிட்ட பிறகே ஏற வேண்டும். மழைக்குப் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் ஒருவர் மயங்கினால் இன்னொருவர் இறங்கலாமா?

கூடாது. கேட்கவே கஷ்டமான பதில்தான். ஆனால் உயிர் காக்கும் பதில் அதுதான்.

2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் தனியார் ரிசார்ட் ஒன்றின் கழிவுநீர்த் தொட்டியில் மூன்று பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளில் மரணம் ஒன்றோடு நிற்காது. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எச்சரித்தது.

காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் உள்ளே போகக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போய்விடும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்பது அதனால்தான் மரணப் பொறி. துணியைக் கட்டுவதும், தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் பாதுகாப்பு அல்ல. மீத்தேன் இருந்தால் தீக்குச்சியே வெடிக்க வைத்துவிடும்.

கேஸ் மீட்டரில் அளந்து, காற்றோட்டம் கொடுத்து, வெளியே ஒருவர் காவல் நின்று, உள்ளே போனவரை மேலிருந்தே இழுக்க கயிறும் முக்காலியும் இருந்தால்தான் பெர்மிட் தர வேண்டும். செப்டிக் டேங்க்கைப் பொறுத்தவரை, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளை இறக்குவதே 2013 சட்டப்படி குற்றம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்தில் இருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியென்றால் நல்ல பயிற்சி எப்படி இருக்கும்?

உங்கள் கம்பெனியில் நடப்பது பயிற்சியா, சடங்கா என்று பார்க்க இந்த ஐந்து கேள்விகள் போதும்:

1. எந்த மொழியில்? லைனில் நிற்பவருக்கு ஒடியா மட்டும் தெரியும் என்றால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடும் ஸ்லைடு அவருக்குப் படம் மட்டுமே.
2. கையால் செய்தாரா? பூட்டை எங்கே மாட்டுவது என்று அவர் செய்து காட்டினால்தான் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம். தலையாட்டினால் அல்ல.
3. அந்த மெஷினிலேயே நடந்ததா? பொதுவான வீடியோ வேறு, அவர் நிற்கும் இயந்திரத்தில் கை சிக்கும் மூன்று இடங்களைக் காட்டுவது வேறு.
4. வேலை மாறும்போது மறுபடியும் நடந்ததா? ஆள் வரவில்லை என்று வேறு லைனுக்கு அனுப்பப்படுபவர், அந்த லைனுக்குப் புதியவர்தான்.
5. காண்ட்ராக்ட் ஆளுக்கும் அதே பயிற்சியா? இயந்திரத்துக்கு பே-ரோல், காண்ட்ராக்ட் வித்தியாசம் தெரியாது.

ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் டூல் பாக்ஸ் டாக் பத்து நிமிடம் போதும். ஆனால் ‘ஜாக்கிரதையா இருங்க’ என்று முடிந்துவிடக் கூடாது. இன்று என்ன வேலை, நேற்றைவிட என்ன மாறியிருக்கிறது, நேற்று யார் நூலிழையில் தப்பினார்கள் என்று பேச வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு மறைவான திருப்பம் எது, எந்த எக்ஸ்டென்ஷன் வயரில் உறை கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முக்கியமான சில அம்சங்கள்:

• பாதுகாப்புக்குத் தேவையான தகவல், பயிற்சி, மேற்பார்வை தருவது முதலாளியின் கடமை.
• 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலைகளில் பாதுகாப்புக் குழுவும் பாதுகாப்பு அதிகாரியும் வேண்டும். கட்டுமானத்தில் இந்த எண்ணிக்கை 250.
• உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தால், தொழிலாளி நேரடியாகவோ பாதுகாப்புக் குழு வழியாகவோ நிர்வாகத்திடம் தெரிவிக்கலாம். அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் சொல்லலாம்.
• கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

அதேநேரம் மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10 தொழிலாளர் இருந்தாலே ‘தொழிற்சாலை’ என்றிருந்த வரம்பு 20 ஆக உயர்ந்திருக்கிறது. விரல்கள் அதிகம் போவது சின்ன யூனிட்களில் என்பதால், இந்த மாற்றத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன. தமிழ்நாட்டில் ஆலைப் பாதுகாப்பைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

பயிற்சியால் தீராதவை

2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே இருந்த சித்தாளுக்கு எவ்வளவு சேஃப்டி ட்ரெய்னிங் கொடுத்திருந்தாலும் அந்தக் கட்டடம் நின்றிருக்காது.

பாதுகாப்பு நிபுணர்கள் சொல்லும் வரிசை இது: முதலில் ஆபத்தையே நீக்கு, முடியாவிட்டால் ஆபத்து குறைந்த முறைக்கு மாறு, பிறகு தடுப்பு, சென்சார் போன்ற ஏற்பாடுகளைச் செய், அதற்குப் பிறகு விதிமுறை, பயிற்சி, கடைசியாகத்தான் ஹெல்மெட், கையுறை. நடைமுறையில் பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது. கையுறை கொடுத்தாச்சு, ட்ரெய்னிங் கொடுத்தாச்சு, இனி அடிபட்டால் அவர் தப்பு என்று ஆகிவிடுகிறது.

களைப்பும் அப்படித்தான். 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறி, கடும் எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதம் பெரும்பாலும் சம்பளம், விடுப்பு பற்றியே ஓடியது. ஆனால் பதினோராவது மணி நேரத்தில் பிரஸ் முன்னால் நிற்கும் கண்களுக்கு, காலையில் கேட்ட எந்தப் பாடமும் முழுதாக நினைவில் இருக்காது.

விபத்து நடந்துவிட்டால்?

முதலில் சிகிச்சை. அடுத்து, பதிவு. ‘ஆஸ்பத்திரியில வீட்டுல விழுந்தேன்னு சொல்லிடு, செலவை நாங்க பாத்துக்கறோம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதிவாகாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிப்பது கடினம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ பொருந்தும். காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கும் உண்டு. பணிக் காயத்துக்கு, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போகவர நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இதில் வரும். வேலைக்குப் போக முடியாத காலத்தில் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் இழந்த சம்பாதிக்கும் திறனுக்கு ஏற்ப மாதாமாதம் வரும். மரணம் என்றால் குடும்பத்துக்கு வரும். இஎஸ்ஐ வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள், தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்படி முதலாளியிடம் கேட்கலாம். உங்கள் இஎஸ்ஐ எண் செயல்பாட்டில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.

லைனை நிறுத்தியவரிடம் என்ன கேட்கிறோம்?

இதைப் படிப்பவர்களில் பலர் இன்று ட்ரெய்னி. இரண்டு வருடத்தில் லைன் இன்ஜினியர். ஐந்து வருடத்தில் ஷிப்ட் இன்சார்ஜ். அப்போது ஒரு நாள் ஒரு தொழிலாளி லைனை நிறுத்துவார். ‘ஏன்ப்பா நிறுத்தின, எத்தனை பீஸ் போச்சு தெரியுமா?’ என்று கேட்டால் அவர் அடுத்த முறை நிறுத்த மாட்டார். சுற்றி நிற்கும் இருபது பேரும் நிறுத்த மாட்டார்கள். ‘என்னப்பா பார்த்த?’ என்று கேட்டால், எந்த ஸ்லைடிலும் இல்லாத ஒரு ஆபத்தை அவர் காட்டுவார்.